செப்டம்பர் யாருக்கு?

சுகாசினிக்கும் அவள் புருஷன் மணிவண்ணனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சி.ஏ. இன்டர் பரீட்சையில் இருவருக்குமே முதல் குரூப் பாக்கி. ஒருவர் எழுதும்போது மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதப் பரீட்சையை மணிவண்ணன் எழுதினான். மாதக்கணக்கில் அவன் அறைக்குள் டீ போனது, டிபன் போனது, குழந்தையின் அழுகை மட்டும் போகாமல் சுகாசினி பார்த்துக்கொண்டாள். அப்படியும் ஐயா சட்டப் பாடத்தில் கோட்டை விட்டார். அடுத்தது செப்டம்பர். அது அவளுடைய முறை.

இந்த முறையை விட்டால் அவள் கதி அதோகதி. வரிப் பாடத்தில் முன்பே நல்ல மார்க் வாங்கியிருந்ததால் அதைத் திரும்ப எழுத வேண்டாமென்று விலக்கு கிடைத்திருந்தது. அந்த விலக்கு செப்டம்பரோடு முடிகிறது. அப்புறம் எல்லா பேப்பரையும் முதலிலிருந்து எழுத வேண்டும். தாய்ப்பால் மறக்காத குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா?

ஜூலையில் ரிசல்ட் வந்த கையோடு மணிவண்ணன் டைம்டேபிள் போட உட்கார்ந்தான். டைம்டேபிள் போடுவதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"காலைல நாலுலேர்ந்து ஆறு நீ படி. நான் கடைக்குப் போனப்புறம் பாப்பா தூங்குற நேரத்துல தியரி. நைட்டு ஒரு டெஸ்ட்."

"ஆடித் தள்ளுபடி முடியற வரைக்கும் பட்டுக்கடைலேர்ந்து நீ பத்து மணிக்குத்தான வருவ?"

"அதான் பாப்பா தூங்கிக்கினு இருக்குமே."

"உன் பிளான்ல பாப்பா எப்பவும் தூங்கிக்கினே இருக்குது மணி. அது எழுந்தா யாரு தூக்குறது?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வர செவ்வாக்கெழம லீவு போடறேன். மூணு மணி நேரம் மாடல் பேப்பர் எழுது. நான் பாத்துக்கறனா இல்லியான்னு நீயே பாரு."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சுகாசினி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்துப் போர்ஷனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு அது ஒரு சத்தமே இல்லை. சிறிது நேரத்தில் குழந்தை கதவைத் தட்ட ஆரம்பித்தது. "ம்மா... ம்மா..." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அழுகை ஏற ஏறக் கணக்கு குழம்பியது. எழுந்து தாழ்ப்பாள் வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

திடீரென்று அழுகை நின்றது. பரவாயில்லையே, சமாளித்துவிட்டானே என்று அவளுக்குப் புருஷன்மேல் பிரியம் பொங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. எழுதி முடித்தபோது பால் கட்டி மார்பு வலித்தது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

குழந்தையைக் காணோம். மணிவண்ணன் தன் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா எங்க?"

"திருப்புட்குழில அக்கா வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். பரீட்சை முடியற வரைக்கும் அங்கியே இருக்கட்டும்." ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. "இப்ப நீயும் எழுதலாம், நானும் எழுதலாம். ரெண்டு பேருக்கும் டைம் இருக்குது."

"எவ்ளோ நேரம் பாத்துக்கின?"

"ஒரு மணி நேரமா கத்திக்கினே இருந்துச்சு சுகா. என்னால முடியல."

பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜாக்கெட் நனைவது தெரிந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன்னைத் தேடித் தேடி அழுதிருக்குமே என்று வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது.

நாத்தனார் அகிலாவின் தோளில் குழந்தை விசும்பியபடியே தூங்கிக்கொண்டிருந்தது. அகிலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னதான் பரீட்சைன்னாலும் பெத்த புள்ளய அனுப்ப உனக்கு எப்படிமா மனசு வந்துச்சு? அவன்தான் பாவம். 'சுகாதான் அனுப்பச் சொன்னா, நான் என்னாக்கா பண்றது'ன்னு கண்ணு கலங்கிக்கினு போனான்."

சுகாசினிக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. இல்லை என்று சொன்னால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள்? அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விரித்து வைத்திருந்த புத்தகத்தின் மேலேயே குழந்தையை இறக்கி மணிவண்ணன் பக்கம் தள்ளினாள்.

"ஒரு மணி நேரம்தான் ஆச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்குது."

"சுகா, நான் நம்ம ரெண்டு பேருக்காகவும்தான்..."

"மொதல்ல உங்க அக்காவுக்குப் போன் போடு. பாப்பாவ யாரு அனுப்பனாங்கன்னு சொல்லு. அதக் கேட்டுட்டுதான் நான் உள்ள போவேன்."

அவன் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் போன் போட்டான். அந்தப் பக்கம் "சொல்லுபா" என்றாள் அகிலா.

"அக்கா... சுகா அனுப்பச் சொல்லல. நான்தான்."

குழந்தை அழ ஆரம்பித்தது. சுகாசினி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.