மறுநாள் கேட்கும் குரல்

கிரேன்காரனின் மனைவி பேசுவது, அவள் வயிற்றில் பிள்ளை தங்கிய நான்காம் மாதத்திலிருந்து, அவனுக்கு மறுநாள்தான் கேட்டது. மற்றவர்களுக்கெல்லாம் உடனே கேட்டது. அவளுக்குக் குரல்தான் பிழைப்பே. பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். அவள் சொன்னபடி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சரியான வண்டியில் ஏறிச் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்த கிரேன்காரன் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று கூட்டம் மொத்தமும் மீன்கள் திரும்புவதுபோல் தலையைத் திருப்பி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கடைக்கோடி நடைமேடைப் பக்கம் நகர்ந்ததை மட்டும் பார்த்தான். மறுநாள், துறைமுகத்தில் கிரேனின் உச்சியில் கேபினுக்குள் இருந்தபோது, அந்த அறிவிப்புகள் வரிசையாக அவன் காதில் வந்து விழுந்தன. எட்டிப் பார்த்தான். கீழே கடல்தான் இருந்தது.

கிரேன் சத்தத்தில் காது போய்விட்டதோ என்று காது டாக்டரிடம் காட்டினான். ஒரு குறையும் இல்லை, பக்கத்து அறையில் குழாய் சொட்டுவதுகூட உங்களுக்குக் கேட்கிறதே என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, மனைவியிடமும். முகத்தைப் பார்த்துப் பேச்சை ஊகித்துக்கொண்டான். அவள் புருவத்தை உயர்த்தினால் 'ம்' என்பான், தலையைச் சாய்த்தால் 'சரி', உதடு நடுங்கினால் 'பார்த்துக்கலாம்'. இந்த மூன்றை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் குடும்பம் நடத்தினான். இதைவிடக் குறைவான சொற்களில் குடும்பம் நடத்தும் ஆட்கள் அந்தத் தெருவிலேயே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளோ கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தாள். ஆசைப்பட்டுச் சுமந்த பிள்ளைதான். ஆனால் பார்ப்பவர்கள் எல்லாம் சந்தோஷமா, சந்தோஷமா என்று கேட்கக் கேட்க, அந்தச் சந்தோஷம் யார் வீட்டு விலாசத்துக்கோ போய்விட்டதுபோல் அவளுக்கு இருந்தது. தூக்கம் விட்டுப்போனது. சோறு காகிதம்போல் இருந்தது. அவளுடைய அக்கா தொலைபேசியில், "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடி" என்று அதட்டினாள். அதன்பின் அக்காவிடம் பேசும்போது மட்டும் சிரிப்பதற்கு அவள் பழகிக்கொண்டாள்.

ஆறாம் மாதத்தில் ஒரு முற்பகல், கிரேன்காரன் கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தூக்கி நடுவானத்தில் நிறுத்தியிருந்தான். மேகம் கேபின் கண்ணாடியை உரசிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவள் குரல் வந்தது. முதல் நாள் சாப்பிடும்போது சொன்னது. "எனக்கு என்னமோ, நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லா இருக்குமோன்னு தோணுதுங்க. ரொம்ப நாளாவே தோணுது." அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பார்த்துக்கலாம் என்று சொல்லியிருந்தான். அந்த நிமிடமே வீட்டுக்கு ஓட நினைத்தான். ஆனாலும் தொங்குகிற சுமையை அப்படியே விட்டுவிட்டு இறங்க முடியாது. அத்தனை வருட வேலையில் எந்தப் பெட்டியையும் அவன் அவ்வளவு மெதுவாக இறக்கியதில்லை என்று கீழே நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். பெட்டி தரையைத் தொட்டதும் ஏணியில் சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடினான்.

அன்று அவளுக்கு விடுமுறை. சமையலறை மேசை முன்னால், ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சு வாங்க எதிரில் நின்றான்.

"நேத்து நீ சொன்னது எனக்கு இப்பதான் கேட்டுச்சு. உன் பேச்சு ரெண்டு மாசமா எனக்கு மறுநாள்தான் கேக்குது. உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். இன்னைக்கும் அப்படித்தான் தோணுதா?"

அவள் நெடுநேரம் ஏதோ சொன்னாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. உதடுகள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுக்கே புரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டு, ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். அன்று அவன் வேலைக்குத் திரும்பவில்லை, அவளைத் தனியே விடவும் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரசவ டாக்டர் அவளை விசாரித்துப் பரிசோதித்துவிட்டு, இருவரையும் சேர்த்து ஒரு மூலை அறைக்கு அனுப்பினார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்த அந்த அறையில், பிள்ளை எதிர்பார்க்கும் தம்பதிகளிடம் பேசுவதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'காது மேடம்' என்று பெயர். கிரேன்காரன் விஷயத்தைச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்தானே தள்ளிக் கேக்குது? இந்த ரூமுக்குக் குழந்தை பொறந்தப்புறம் வந்து, ஏழாம் மாசம் சொன்னது இப்ப கேக்குதுன்னு அழுதவங்க இருக்காங்க. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க."

அவளிடம் அவர் நிறையக் கேட்டார். இப்படித் தோன்றுவது அவள் செய்த தப்பு இல்லை என்றும், பிள்ளை சுமக்கும் பலருக்கும் வருவதுதான், கவனித்தால் தீர்வதுதான் என்றும் சொன்னார். அந்த எண்ணம் மறுபடி வந்தால் அந்த நிமிடமே யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை இருவரையும் வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்தார். கிரேன்காரனுக்குச் சொன்னது கொஞ்சம்தான். "அவங்க பேச்சு உங்களுக்கு வர்ற நேரத்துல அவங்க பக்கத்துல இருங்க. வந்ததும், என்ன கேட்டுச்சுன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. சரி பண்ணப் போகாதீங்க. பார்த்துக்கலாம்ங்கிற வார்த்தைய இனிமே வாயில எடுக்காதீங்க."

மாலையில் வீட்டில் இருக்க வேண்டுமென்று அவன் வேலை நேரத்தை மாற்றக் கேட்டான். மேற்பார்வையாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டி பேச்சக் கேக்கறதுக்கு ஷிஃப்ட் மாத்தச் சொல்ற முதல் ஆளு நீதான்யா" என்று கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் மாலைதோறும் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் பேச்சு வெளிச்சம் மங்கும்போது வரத் தொடங்கும். அவன் கண்ணை மூடிக் கேட்டு, கேட்டதை அப்படியே சொல்வான். பயமா இருக்குன்னு சொல்ற. என் அம்மா மாதிரி நானும் கத்துவேனோன்னு சொல்ற. குளிக்கக்கூடப் பிடிக்கலைன்னு சொல்ற. அவள் ஆமாம் என்பாள், சில நேரம் அழுவாள். தன் சொற்கள் இன்னொருவர் வாயில் வரும்போது அவ்வளவு அசிங்கமாக இல்லையே என்று ஒருநாள் சொன்னாள். வாரம் ஒருமுறை மூலை அறையில் மற்றத் தம்பதிகளோடும் உட்கார்ந்தார்கள். மனைவி கருவுற்றது முதல் உள்ளங்கை பனிக்கட்டியாகிப்போன தையல்காரர் ஒருவர் வந்தார். அவர் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் எப்போதும் சில்லென்று இருந்ததால் எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள்.

அங்கே ஒருநாள் காது மேடம் கிரேன்காரனைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார். எனக்கென்ன என்றுதான் சொல்லப்போனான். வாய் வேறு எதையோ சொன்னது. "எவ்வளவு கனத்தையும் தூக்கிடுவேன் மேடம். ஆனா அத்தனூண்டு குழந்தையக் கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. இவளையும்." பக்கத்தில் இருந்த மனைவி விரிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் அது மட்டும் அவளுக்கு அப்போது கேட்கவில்லை. மறுநாள், கண்ணாடி அறையில் மைக்கைத் திறந்து வைத்திருந்தபோதுதான் கேட்டது. ஊர்ப் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு அவள் அழுததும், இடையில் சிரித்ததும் நிலையம் முழுக்க ஒலித்தது. அன்று வண்டிகள் எல்லாம் தாமதமாகக் கிளம்பின. யாரும் புகார் எழுதவில்லை.

அன்றிலிருந்து இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. அவளுக்குத் தூக்கம் திரும்பியது, சோறு சோறாயிற்று. கெட்ட நாட்களும் இடையிடையே வந்தன, ஆனால் அவற்றை அவள் வாய்விட்டுச் சொன்னாள். மாதம் நிறையும்போது, காலையில் பேசியது மதியத்துக்குள் அவனுக்கு வந்துவிடும் என்ற அளவில் அது நின்றது. அதற்கு மேல் குறையவில்லை. அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை ஒரு காலையில் பிறந்தது. பிரசவ அறையில் கிரேன்காரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள். அவனுக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறியின் சத்தமும் எஃகுத் தட்டின் கிணுகிணுப்பும்தான். மகளின் அழுகை மட்டும் உடனே கேட்டது. மதியம், மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்க, மகளைக் கையில் ஏந்தி வார்டில் நின்றிருந்தபோது, அந்த அலறல் வந்து சேர்ந்தது. சுவரில் சாய்ந்துகொண்டான். கை மட்டும் அசையவில்லை.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள் அந்தப் பக்கம் வந்த நர்ஸ்.

"இல்ல சிஸ்டர். காலைல என் பொண்டாட்டி கத்தினது இப்பதான் வருது."

அந்த வார்டில் வெகுநாள் வேலை பார்த்தவள் அவள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து கேளுங்க. முடிஞ்சதும் சொல்லுங்க, பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."

அவன் உட்கார்ந்து, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி, கடைசிவரை கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.