ஒன்றரை முழக் கம்பி

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வழக்கம். நோயாளிக்குக் கழுத்து நரம்பில் மருந்துக் குழாய் போட்டு முடித்ததும், அதற்கு வழிகாட்ட உள்ளே போன கம்பியை டாக்டர் உருவி சிஸ்டர் கையில் கொடுக்க வேண்டும். சிஸ்டர் அதைத் தட்டின் விளிம்பில் நீட்டி அளந்த பிறகுதான் தாளில் கையெழுத்துப் போடுவார். "தங்கச் சங்கிலியா சிஸ்டர், இப்படி அளக்கறீங்க?" என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்று, முந்தின நாள் காலையில் வேலைக்கு வந்த நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்குப் பிரஷர் சரசரவென்று இறங்கியது. மருந்து ஏற்றக் கழுத்தில் குழாய் போட்டே ஆகவேண்டும். வாசலில் நின்ற அவர் மகளிடம், "சின்ன வேலைம்மா, பத்தே நிமிஷம்" என்றேன். அவள் சம்மதத் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போனது. ஊசி வழியே கம்பி போனது. ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் குழாயைக் கோத்துத் தள்ளினேன். கம்பியின் நுனியை ஒரு கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். பக்கத்துக் கட்டில் மெஷின் கத்தியது, திரும்பிப் பார்த்தேன். பிறகு தையல் போட்டுக் கையுறையைக் கழற்றினேன்.

"டாக்டர், கம்பி?"

"குப்பைல கிடக்கும், பாருங்க." எனக்கு எரிச்சல்.

சிஸ்டர் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, பஞ்சு பஞ்சாகப் பிரித்துப் பார்த்தார். கம்பி இல்லை. உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்.

எக்ஸ்ரேயில் இருந்தது. கழுத்திலிருந்து இதயத்தைத் தாண்டி வயிறு வரை மெல்லிய வெள்ளைக் கோடு. தொடை நரம்பு வழியாக எடுத்துவிடலாம், இப்போதே எடுக்க வேண்டும், அதற்கும் மகள் கையெழுத்து வேண்டும்.

'இன்னொரு சின்ன வேலை' என்றால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என்னைக் கண்டதுமே அவள் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"கம்பியை உள்ளயே விட்டுட்டேன்மா. என் தப்புதான். எடுக்கலன்னா உயிருக்கே ஆபத்து."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எடுக்கப் போறதும் நீங்கதானா?"

"இல்லம்மா. வேற டாக்டர்."

அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்து, முதல் வரியில் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.