லூர்துமேரிக்குச் சொந்தமான கால்கள்

தேவசகாயத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் ரயில்பெட்டியின் கூரையிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டுப்போயிற்று. கோபம் வரும்போதெல்லாம் அவர் மனைவி லூர்துமேரி அவருடைய இடது கால் சுண்டுவிரலைக் கிள்ளிவிட்டுப் போவாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. கிள்ளினால் அவருக்குத் தெரியாது; அவளுக்கு ஆறிவிடும். கோபம் மட்டுமா? நகம் வெட்டிவிடும்போது, அவர் பேப்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பாதத்தில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமானதையெல்லாம் கால்களிடம் சொல்லிப் பழகிவிட்டாள். அவர் இழந்தவை தனக்குக் கிடைத்துவிட்டதாக ஒரு நினைப்பு. இது பாவமா என்று ஃபாதரிடம் கேட்கத் துணிவில்லை.

அதனால்தான், மாடி வீட்டு வர்ஷினி தன் கச்சிபௌலி ஆபீஸில் செய்த காலுறையைக் கொண்டுவந்தபோது, லூர்துமேரிக்கு அதைக் கண்டதுமே பிடிக்கவில்லை.

"கால்ல எங்க தொட்டாலும் தோள்ல கட்டின பட்டை அதிரும், அங்கிள். எந்த அதிர்வு எந்த இடம்னு பழகிட்டா, கால் எங்க இடிச்சாலும் தெரிஞ்சிடும்."

வர்ஷினி காலுறையையும் பட்டையையும் மாட்டிவிட்டு, தொட்டுத் தொட்டுக் கேட்டாள். அவர் குதிகாலைப் பெருவிரல் என்றார். பெருவிரலைக் குதிகால் என்றார். லூர்துமேரிக்கு நிம்மதி. நிம்மதிப்பட்டதை நினைத்து வெட்கமும்.

"நக்கோம்மா, வேணாம், விட்டுடு. உன் கைக்கு ஏன் வீண் சிரமம்?" என்றாள்.

"கால் வந்துட்டா ஓடிருவேன்னு பயப்படுறா," என்றார் தேவசகாயம். "ஓடுறவன் இவ ரசத்தைக் குடிச்ச அன்னைக்கே ஓடியிருக்க மாட்டேனா?"

அவர் காலருகே இருந்த காபி டம்ளரை எடுக்கும் சாக்கில் அவள் கை தானாகப் போய்க் கிள்ளியது.

"ஆ! இடது சுண்டுவிரல்!"

"கரெக்ட் அங்கிள்!" வர்ஷினி கைதட்டினாள். "ஆனா நான் தொடவே இல்லியே?"

அவர் மனைவியைப் பார்த்தார். "எத்தனை நாளா நடக்குது இது? அந்த விரல் மட்டும் ஏன் சிவந்திருக்குன்னு டாக்டரை வேற கேட்டேனே!"

வர்ஷினி சிரித்துக்கொண்டே மாடியேறினாள். லூர்துமேரி தலைநிமிராமல் காலுறையைக் கழற்றக் குனிந்தாள்.

"கழட்டாத, மேரி. கிள்ளினது தெரிஞ்சுபோச்சு. மிச்சத்தையும் பார்த்துடறேன்."

"மிச்சம் ஒண்ணும் இல்ல."

"பேப்பரை எடுத்து முகத்தை மறைச்சுக்கட்டுமா?"

அவளுக்குக் காது சூடாயிற்று. அவர் நிஜமாகவே பேப்பரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். அவள் புறங்காலில் கன்னத்தைச் சாய்த்தாள்.

"புறங்கால்," என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல்.

"தப்பு," என்றாள் லூர்துமேரி, கன்னத்தை எடுக்காமல். "திரும்பச் சொல்லுங்க."