எட்டாவது மாடியில் நான்கு செங்கற்கள்

கட்டிலின் கடைசிக் காலையும் தூக்கி அடியில் செங்கல்லைத் தள்ளிவிட்டேன், இனி வெள்ளம் வந்தாலும் பாய் நனையாது, மழை பிடித்தாலே என் கை இப்படித்தான் செங்கல்லைத் தேடிப் போகிறது, கூவக்கரைக் குடிசையில் தண்ணீர் வாசலுக்கு வருமுன் கட்டிலை ஏற்றிவிட வேண்டும், அப்புறம் அதன்மேல் நாங்களும் அடுப்பும் அரிசியும், சுற்றிலும் கறுப்புத் தண்ணீர், நடுவில் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் பீடி வலித்துக்கொண்டு கேலி பேசுவார், கவலையே கிடையாத மனுஷன். கரையைக் காலி செய்து எங்களை லாரியில் ஏற்றிய அன்றும் இந்த நான்கு செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன், இன்னாமே, எட்டாவது மாடிக்கு கூவம் லிப்ட்ல ஏறி வருமா என்று அவர் கேட்க லாரியில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், லாரி போய்க்கொண்டே இருந்தது, நகரம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

வீடு நல்ல வீடு, பொய் சொல்லக்கூடாது, குழாயைத் திருகினால் தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ், ஆனால் அவர் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவர், விடியுமுன் லோடு வரும், இங்கிருந்து முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் இறக்கி முடித்திருப்பார்கள். ரெண்டு பேரும் அங்கயே பாலத்தடில படுத்துக்கலாமே என்றேன், பூட்டிக் கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு ஆபீசர் சொன்னாரில்ல, நீ வூட்ட காப்பாத்துமே, நான் ஞாயித்துக்கெழமைல வரேன் என்றார், விருந்தாளி மாதிரி. எங்கள் குடிசையைப் பிடுங்கிப் போட்ட அதே இடத்தில், பாலத்தடியில், ஒரு பலகையைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.

இன்று ஞாயிறு, வரவில்லை, போன் போகவில்லை, ஏரி மதகத் தொறந்துட்டாங்களாம், கூவம் பாலத்தத் தொடுதாம் என்று எதிர்வீட்டுத் தெரசாக்கா சொல்கிறாள், இங்கே உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை, உயரமாக, காலியாக நிற்கிறது கட்டில், வெள்ளத்தில் இருப்பவர் அவர், செங்கல்லை இங்கே யாருக்கு வைத்தேன். குனிந்து ஒவ்வொரு காலாய்த் தூக்கி உருவிப் பையில் போடுகிறேன், கட்டில் தரையில் உட்காருகிறது, எங்கடி கெளம்பிட்ட, பூட்டாத, பூட்டினா வூடு பூடும் என்று தெரசாக்கா கத்துகிறாள், போனால் போகட்டும் அக்கா என்று பூட்டை அழுத்துகிறேன், லிப்ட் ஓடவில்லை, செங்கல் முழங்காலில் இடிக்க இடிக்க இறங்குகிறேன்.