தலைவரின் எடை

மலையேரி மீன்பிடிப்போர் சங்கத்தின் தலைவர் பதவியேற்ற அன்று எழுபத்தெட்டுக் கிலோ இருந்தார். ஒன்பதாம் ஆண்டில் இரண்டே கால் கிலோ இருந்தார். நோய் ஒன்றும் இல்லை. மீதி எடை ஏரியில், உதடு கிழிந்த ஒரு கெண்டையிடம் இருந்தது.

ஜீப்பில் நான்கு மணி நேரம் ஏறி, கடைசி அரை மணி நடந்து சேரவேண்டிய அந்த ஏரியில் சங்கத்தாரின் வழக்கம் ஒன்றுதான்: மீனைப் பிடித்து, ஈரச் சாக்கில் கிடத்தி முள்ளைக் கழற்றி, தொங்கு தராசில் நிறுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்ப நீரில் விட்டுவிடுவது. பிடித்ததைத் தின்பது பசித்தவர்களின் பழக்கம் என்று தலைவர் ஆண்டுவிழாதோறும் முக்கால் மணி நேரம் பேசுவார். பேசி முடித்து முதல் பந்தியில் கோழி சாப்பிடுவார். அந்தக் கெண்டையை முதல் தடவை பிடித்தபோது அது ஒன்பது கிலோ. விட்டுவிட்டு வீடு வந்தவரின் பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு துளை தேவைப்பட்டது. அடுத்த தடவை பன்னிரண்டு கிலோ, சங்கத்தின் சாதனை. அதன்பின் வருஷாவருஷம் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். படத்தில் மீன் பெருத்தது, அவர் சிறுத்தார். தலைவரின் உடல்வாகு கச்சிதமாகிவிட்டதைப் பாராட்டி, செயலாளரான பல் டாக்டர் தீர்மானமே கொண்டுவந்தார்.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்த மனைவிக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

"நீங்க இளைக்கல, ஒழுகிட்டிருக்கீங்க. ஒரே ஒரு தடவ அத விடாம வீட்டுக்குக் கொண்டாங்க. வறுத்துப் போடறேன், எல்லாம் திரும்பி வந்துடும்."

"விதி நாலு என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"அத எழுதினதே நீங்கதானே?"

"எழுதினவனே மீறினா ஊரு சிரிக்காதா?"

"இப்ப மட்டும் அழுவுதாக்கும்!"

ஒன்பதாம் ஆண்டுப் போட்டிக்கு அந்த அம்மாள் அவரைத் துணிப்பையில் வைத்து மேலே தூக்கிப் போனார். கெண்டை, பழகிய மாடு தொழுவத்துக்கு வருவதுபோல, தானே கரையோரம் வந்து முள்ளைக் கவ்வியது. எட்டுப் பேர் சேர்ந்து நிறுத்தார்கள்: எண்பத்து நாலே முக்கால். இன்னொரு தடவை விட்டால் ஆள் மிச்சமில்லை. அம்மாள் செவுளில் கைவிட்டுப் பிடித்துக்கொண்டு, "வெட்டிட்டுத்தான் மறுவேலை" என்றார். சங்கத்தார் முறைப்படி வாக்கெடுத்தார்கள். விடுவதற்குப் பதினொன்று, எதிராக ஒன்று, அதுவும் உறுப்பினர் அல்லாதவருடையது என்பதால் செல்லாது. பதினொன்றில் ஒரு கை பைக்குள்ளிருந்து உயர்ந்தது. "படம் சரியா வந்துச்சான்னு பாருங்கப்பா" என்ற குரல் கொசு ரீங்காரமாகக் கேட்டது. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மீன் நீரில் இறங்கியதும் பையில் பொத்தான் போட்ட கோட்டு மட்டும் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைய கூட்டக் குறிப்பில், தலைவர் ஏரியிலிருந்தபடியே கலந்துகொண்டதாக எழுதி, அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த மாதம் அம்மாள் உறுப்பினரானார். ஒரு ஞாயிறு தூண்டில் போட்டார், வந்தது. ஈரச் சாக்கில் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். கத்தி மடியில் இருந்தது. கெண்டை கண்ணை உருட்டி, அம்மாளைத் தாண்டி, கேமரா எங்கே என்று தேடியது.

அவரேதான்.

அம்மாள் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து எடை பார்த்தார். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.