இடக்காதுக் கல்

மகளுக்கு மோதிரம் செய்ய, செத்துப்போன அம்மாவின் ஒற்றைக்கல் வைரத்தோட்டை நகைக்கடைக்கு எடுத்துப் போனாள் அந்த பஸ் டிரைவர். கடைக்காரர் வைரம் சோதிக்கும் மிஷினை வைத்தார்; வைரம்தான் என்று அது கீச்சென்று கத்தியது. பிறகு லென்ஸில் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வைரம்தான் மேடம். ஆனா ரெண்டும் லேப்ல வளர்த்த கல்லு."

"மிஷின் கத்துச்சே?"

"இதுக்கும் கத்தத்தான் செய்யும். மண்ணுல விளைஞ்சதா, லேப்ல விளைஞ்சதான்னு அதுக்குத் தெரியாது. ஓரத்தைப் பாருங்க."

லென்ஸில் பார்த்தாள். கல்லின் விளிம்பில் பொடி எழுத்தில் லேப் பெயரும் ஒரு நம்பரும்.

அம்மா தோடு வாங்கி நாற்பது வருஷம். அன்றைக்கு எந்தக் கடையில் லேப் வைரம் விற்றான்? இடக்காதுக் கல்லில் மிளகுத்தூள் போல ஒரு கரும்புள்ளி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அம்மா இடம் வலம் பிரித்துப் போடுவாள். இதில் புள்ளியும் இல்லை, புண்ணாக்கும் இல்லை.

போன வருஷம் திருகாணி மாற்றித் தருகிறேன் என்று தோட்டை வாங்கிப் போனது அவள் தம்பி. புள்ளியைக் காணோமே என்றதற்கு, "அழுக்குக்கா, பாலீஷ் போட்டதும் போயிடுச்சு" என்றான். நம்பினாள். தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். அந்த வாயைத்தான் இப்போது அடித்துக்கொள்ள வேண்டும். நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

சோபாவில் சாய்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை.

"அம்மா கல்லு எங்கடா?"

"தோட்டுலதான் இருக்கு. வேணும்னா மிஷின்ல வச்சுப் பாரு, கத்தும்."

"நீ எதுக்குடா மிஷின்ல வச்சுப் பார்த்தே?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். பாவி, கூடப்பிறந்தவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அவன் மனைவி ஈரக்கையோடு வந்தாள். விரலில் ஒற்றைக்கல் மோதிரம். அக்கா அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கரும்புள்ளி.

"இது ஏதும்மா?"

"கல்யாண நாளுக்கு இவர் கொடுத்தாரு அண்ணி. புள்ளி இருக்கே, மாத்திக் குடுங்கன்னேன். கடையில மாத்த மாட்டாங்களாம்."

அக்கா தோட்டை மேஜைமேல் வைத்து, கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். தம்பி மனைவி தோட்டைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள். சட்டென்று கழற்றி நாத்தனார் கையில் வைத்தாள்.

"பிடிங்க அண்ணி, இது உங்க அம்மாது." பிறகு டிவியை அணைத்துவிட்டுப் புருஷன் எதிரே நின்றாள். "தோட்டுக்கு ரெண்டு கல்லு. இன்னொண்ணு யாரு விரல்ல இருக்கு?"

அக்கா கேட்டபோது வராத வியர்வை இப்போது அவன் கழுத்தில் வழிந்தது.