முதுகில் வங்கியின் பேர்

எங்கள் மட்டாஞ்சேரிக் கிளையை மூடியவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நாலு சின்ன வங்கிகளைச் சேர்த்து ஒரு பெரிய வங்கி ஆக்கினார்களாம். ஆக்கியதும் எங்கள் கிளை வேண்டாததாகிவிட்டதாம். இனி படகேறி எறணாகுளத்துக்கு வா என்றார்கள். சீனியக்காவும் போனாள். வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு வாங்கும் எங்கள் பெண்கள் குழுவில் அவள்தான் என் ஜோடி. கண்ணாடிச் சில்லும் தகரமும் பொறுக்கித் தேய்ந்த அவள் விரலை அங்கிருந்த மெஷின் ஏற்கவில்லை. ரேகை விழவில்லை என்று கணக்கையே பூட்டிவிட்டார்கள், பாவிகள். மகள் அஞ்சுவின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் மொத்தமும் அதற்குள் கிடந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் சீட்டுப் போய்விடும்.

கிளையைத் திறந்து தா என்று கெஞ்ச எனக்கு மனசில்லை. இன்று திறப்பான், நாளை மூடுவான். பழையபடி சின்னச் சின்ன வங்கிகளாக உடை என்று கேட்போம் என்றேன். சாக்கைத் தூக்கிப் போன வாசலில் எல்லாம் பேசிக் கையெழுத்து வாங்கினோம். யூதத் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடைக்காரர், குப்பை எடுப்பவர்களுக்கு பேங்க் காரியம் எதற்கு என்று சிரித்தார்.

"உங்க வீட்டுக் காரியம் முழுக்க எங்க சாக்குலதான் இருக்கு, சேட்டா. பேங்க் காரியம் மட்டும் புரியாதா?" என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். குஜராத்தித் தெருவிலும் போட்டார்கள்.

அப்போதுதான் மழைக்கோட்டு வந்தது. யாரோ நல்ல மனசுக்காரர் கொடுக்கிறார் என்றாள் எங்கள் செயலாளர் அம்பிளி. வாசலில் நீட்டியதைப் பார்க்காமல் வாங்குவது எங்கள் வேலை. அந்தப் பழக்கத்தில் இதையும் வாங்கிப் போட்டுக்கொண்டோம். போட்டோவும் எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் பார்த்தால், எங்கள் முதுகில் பெரிய எழுத்தில் அந்த வங்கியின் பேர். தொழிலாளிகளோடு நிற்கும் வங்கி என்று செய்தி வேறு. அவனை உடைக்கச் சொல்லித் தெருத் தெருவாக நடந்த முதுகு அது! அம்பிளியைக் கண்டபடி திட்டினேன். நனைந்து சாகிறீர்களே என்றுதான் வாங்கினேன் என்று அழுதாள். வங்கிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று அந்தப் பழம்பொருள் கடைக்காரர் கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை சீனியக்கா அதே கோட்டோடு வந்தாள். கழற்றி எறி என்றேன்.

"எறியண்டாம். எல்லாரும் போட்டுட்டு வாங்க, போட்ல ஏறி எறணாகுளம் போலாம்" என்றாள்.

அஞ்சுவும் கூட வந்தாள். வங்கி ஆட்கள் என்று நினைத்த காவலாளி கதவைத் திறந்துவிட்டான். அக்கா விரலை வைத்தாள். மெஷின் மறுபடியும் முடியாது என்றது. அங்கிருந்த அதிகாரி வெங்கிடேஷ், நம் பாலக்காட்டுப் பையன்தான், நீங்கள்தான் சீனியம்மாள் என்று எப்படி நம்புவது என்று கேட்டான்.

அக்கா திரும்பி முதுகைக் காட்டினாள்.

"உங்க பேர எழுதறப்ப என்னை ஆளு தெரிஞ்சுது சாரே. என் காசக் கேட்டா மட்டும் தெரியலையா?"

கூடத்தில் இருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். உள்ளேயிருந்து மேனேஜர் ஓடி வந்தார். பழைய போட்டோ கிடைத்தது, பாஸ்புக்கு செல்லுபடியானது, சாட்சிக்கு என் கையெழுத்துப் போதும் என்றார்கள். நாயாக அலைய விட்ட காரியம் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் முடிந்தது. அப்படியென்றால் அன்றைக்கே முடிந்திருக்குமே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அக்கா பணத்தை அஞ்சுவிடம் கொடுத்து நேரே காலேஜுக்கு அனுப்பினாள். வெங்கிடேஷ் வந்து பணிவாகக் குனிந்தான்.

"உங்க காரியம் முடிஞ்சுதே மாமி, இவாளையும் கூட்டிண்டு கெளம்புங்கோ."

சீனியக்கா அவனைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம்.

"எங்காரியம் முடிஞ்சுது மோனே," என்றாள். "இனி உங்க காரியம் பேசலாம். இந்த பேங்க எப்ப உடைக்கப் போறீங்க?"